ஒன்றரை அங்குல உளுவை

4-6-56, திங்கள்

காலையிலிருந்து சாரல். கொடியில் போட்ட சீலை மூன்றாம் நாளாக ஈரம். அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போட்டேன். இனி உடம்பெல்லாம் புகை வாசனை.

மெட்ராஸ் கல்லூரி மிஸ்ஸின் கடிதம் வந்துவிட்டது! தபால்காரர், வராந்தாவில் காவலுக்கு இருக்கும் முனியப்பாவிடம் கொடுக்க, முனியப்பா இவர் மேஜையில் வைக்க, இவர் மத்தியானம் சாப்பிட வந்து, "உன் வாத்தியாரம்மா" என்று என் கையில் கொடுக்கும்போது மணி இரண்டு. பிரிக்கவில்லை. அந்த விஷயத்தில் ஒழுங்கானவர். எல்லா விஷயத்திலும் ஒழுங்கானவர், அதுதான் கஷ்டம்.

கடிதத்தின் சாரம், தொலைந்தால் வேண்டும் என்று:

— போன மாதம் நான் அனுப்பிய மீன் படம் நன்றாக இருக்கிறதாம். வயிற்றுத் துடுப்பு இரண்டும் ஒட்டிக் கிண்ணம் போல இருப்பதால் உளுவைக் குடும்பம்தான்.

— ஆனால் நாம் குழம்பு வைக்கும் பெரிய உளுவையின் குஞ்சும் ஒன்றரை அங்குலத்தில் இப்படித்தான் இருக்கும். "எல்லோரும் குஞ்சு என்றுதான் சொல்வார்கள், வேணி."

— குஞ்சு அல்ல என்று காட்ட ஒரே வழி, வயிற்றில் முற்றிய முட்டை. ஒன்றரை அங்குலத்தில் சினை பிடித்தால் அவ்வளவுதான் அதன் வளர்ச்சி. வேறு இனம்.

— சினை மீன் ஒன்று வேண்டும். ஸ்பிரிட்டில் போட்டு, 30-ந் தேதிக்குள். உப்பில் போட்டது உதவாது.

— ஜூலையில் கல்லூரியின் ஆற்று மீன் கணக்கெடுப்பு தொடங்குகிறது. வேலைக்கு ஓர் இடம் இருக்கிறது. தங்க விடுதி உண்டு. மீன் வந்தால் என் பெயரைச் சொல்வார். வெறும் படத்தைக் காட்டிக் கேட்க முடியாது.

ஓர் இடம். இதை மட்டும் ஐந்து தடவை படித்தேன்.

இவரிடம் சொன்னேன். "பாக்கலாம்" என்றார். மறுப்பு இல்லை. "பாக்கலாம்" என்றால் என்ன என்று எட்டு மாதத்தில் தெரிந்துகொண்டேன்.

இந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதம். வெளியே போனது: ஓசூர் மலைக்கோவில் 2, ஆஸ்பத்திரி 1. வீட்டுக்குப் பின்னால் இரண்டு பர்லாங்கில் இருக்கும் ஆற்றுக்கு: பூஜ்யம்.

5-6, செவ்வாய்

மழை விட்டது. குளிர் விடவில்லை.

ஸ்பிரிட் கேட்டேன். இவருக்குச் சிரிப்பு வந்தது, ஒரு வாரத்துக்கு அப்புறம்.

"ஸ்பிரிட்டா? என் வீட்லயா?"

சிரிப்புக்குக் காரணம் இருக்கிறது. இவர் மதுவிலக்கு சப்-இன்ஸ்பெக்டர். ஆறேழு மைல் தாண்டினால் மைசூர் சீமை, அங்கே சாராயக்கடை ஊருக்கு ஊர். இந்தப் பக்கம் ஒரு சொட்டு வைத்திருந்தால் கேஸ். டியூபில் ரொப்பி இடுப்பில் சுற்றிக்கொண்டு ஆற்றைத் தாண்டி வருகிறார்கள். அவர்களைப் பிடிக்கத்தான் இந்த வனாந்தரத்தில், பாகலூர் ரோட்டில், இந்த வீடு.

"ஒரு அவுன்ஸ் போதும். மீனுக்கு."

"பர்மிட்டு போட்டுத்தான் வாங்கணும். நானே எழுதித் தர்றேன்."

எழுதியும் கொடுத்தார், அழகான கையெழுத்தில். சேலத்துக்குப் போய்த் திரும்பி வர இரண்டு மூன்று மாதம் ஆகுமாம்.

"முப்பதாந்தேதி கடைசி நாள்."

"அதுக்கு நான் என்னம்மா செய்யறது? சட்டம் சட்டந்தானே."

இதில் உச்சம் எதுவென்றால், அரிசிப் பானை இருக்கும் சின்ன அறையில் பலகை முழுக்கச் சாராய பாட்டில். பிடித்த சரக்கு. போன வருஷம் ஸ்டேஷனில் பூட்டி வைத்த சாராயம் கோர்ட்டுக்குப் போவதற்குள் பாதி தண்ணீராகிவிட்டது. கான்ஸ்டபிள்கள் குடித்துவிட்டுத் தண்ணீரை ரொப்பியிருக்கிறார்கள். அதிலிருந்து எல்லாம் எங்கள் வீட்டில். சாவி என் இடுப்பில். "உன் இடுப்புல இருக்கிறவரைக்கும் ஒரு சொட்டு குறையாது" என்று வருகிறவர்களிடம் சொல்லிப் பெருமைப்படுகிறார். தினம் இரண்டு வேளை அரிசி அளக்கப் போகிறேன். மூக்கைப் பொத்திக்கொண்டு வருகிறேன்.

7-6, வியாழன்

எல்லம்மாவிடம் பேரம். எல்லம்மா ஆற்றிலிருந்து எங்களுக்குத் தண்ணீர் கொண்டு வருகிறவள். வீட்டில் தெலுங்கு, ஆற்றங்கரையில் கன்னடம், என்னோடு தமிழ். முதல் மீன் அவள் பானையில்தான் வந்தது.

"குடிக்கிற தண்ணி ஊத்துல எடு. இன்னொரு பானை, பாறைக்கு அடியில தேங்கி நிக்குதே, அங்க மொண்டுகிட்டு வா."

"அது பாசித் தண்ணிங்கம்மா. குடிச்சா பேதி ஆவும்."

"குடிக்க இல்ல. மீனுக்கு."

"அய்யே, அந்தப் பொடியா? பூனைக்குப் போட்டாக்கூட மோந்து பாத்துட்டுப் போயிடுங்க. பெரிசாவட்டும், நானே புடிச்சாறேன்."

"அது பெரிசாகாது எல்லம்மா."

"அதெப்புடிங்க ஆவாம இருக்கும்?"

எல்லோருக்கும் இதே கேள்வி. படித்த மிஸ்ஸுக்கும் படிக்காத எல்லம்மாவுக்கும்.

ஆனாலும் கொண்டு வந்தாள். எட்டு மீன். பானையின் உள்சுவரில் கிண்ணத் துடுப்பால் ஒட்டிக்கொண்டு நின்றன. தண்ணீரை ஊற்றினேன், நகரவில்லை. பானையைக் கவிழ்த்தேன், விழவில்லை. எனக்குச் சிரிப்பு. முனியப்பா வராந்தாவிலிருந்து எட்டிப் பார்த்து, "ஒட்டிக்கினு கெடக்குது பாருங்கம்மா, பல்லி கணக்கா" என்றான்.

முனியப்பா இவருடைய கான்ஸ்டபிள். வீட்டுக்குக் காவல். பகல் முழுக்க வராந்தாவில். யாரும் உள்ளே வரக்கூடாது, யாரும் எதுவும் கொண்டுவந்து கொடுக்கக்கூடாது என்பது இவர் உத்தரவு. சாராயம் கடத்துகிறவர்கள் பெண்டாட்டி வழியாகத்தான் லஞ்சம் நுழைப்பார்களாம். நான் ஆற்றங்கரையில் போய் நின்றால் 'எஸ்.ஐ. சம்சாரம் பேரம் பேசினாள்' என்று மறுநாளே மொட்டைக் கடுதாசி போகுமாம். இருக்கலாம். இவர் சொல்வதில் தப்பே கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் மூச்சு முட்டுகிறது.

9-6, சனி

வெயில். சீலைகள் காய்ந்தன.

கல்லூரியில் படியெடுத்த, மீன் இனம் கண்டுபிடிக்கும் 'கீ' நோட்டை எடுத்தேன். படிப்படியாகக் கேள்விகள். முதுகுத் துடுப்பு ஒன்றா, இரண்டா? இரண்டு. வயிற்றுத் துடுப்பு தனியா, சேர்ந்ததா? சேர்ந்தது. நாக்கின் நுனி பிளந்ததா? இல்லை. பெரிய உளுவைக்குப் பிளந்திருக்கும். இது ஒன்று நம் பக்கம்.

பக்கவாட்டில் ஒரு வரிசைச் செதிலை எண்ண வேண்டும். லென்ஸ் இல்லை. இவர் கைரேகை பார்க்கும் லென்ஸை எடுத்துக்கொண்டேன். 26. 26. 27. 26. பெரிய உளுவைக்கு முப்பதுக்கு மேல். இது இரண்டு. நாலு மீன் எண்ணியதில் கண்ணில் நீர் வந்துவிட்டது, பாதி வலியில்.

ஆனால் எல்லாம் ஒட்டின வயிறு. சினை ஒன்றுகூட இல்லை. சோதனைக்கு இரண்டை வைத்துக்கொண்டு மற்றதைத் திரும்ப ஆற்றில் விடச்சொன்னேன்.

திருவண்ணாமலையிலிருந்து மாமியார் கடிதமும் இன்றைக்குத்தான். வழக்கம்போலக் கடைசி வரியில், "விசேஷம் ஏதாவது உண்டா?" மெட்ராஸிலும் சினைக்குக் காத்திருக்கிறார்கள், திருவண்ணாமலையிலும் சினைக்குக் காத்திருக்கிறார்கள்.

எல்லம்மா சொன்ன செய்தி: சானமாவுக் காட்டுப் பக்கம் ஆனை இறங்கி ஒருவர் கேழ்வரகுக் கொல்லையை மிதித்துவிட்டதாம். ஆனைக்குக்கூட இஷ்டப்பட்ட இடத்துக்குப் போக முடிகிறது.

12-6, செவ்வாய்

ஸ்பிரிட்டுக்குப் பதில் தேடியது:

1. ஓசூர் ஆஸ்பத்திரி. முனியப்பா போய்க் கேட்டான். பார்மலின் இருக்கிறது, ஆனால் "பொணத்துக்கு மட்டுந்தான் தருவாங்களாம்மா. நம்ம வூட்ல யாரும் சாவலைன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

2. காடி. போட்டுப் பார்த்தேன். இரண்டே நாளில் மீன் பஞ்சாகிவிட்டது.

3. தச்சன் வைத்திருக்கும் பாலிஷ். மீன் சிவந்து நாற்காலிக் கால் போல ஆகிவிட்டது.

இன்னும் பதினெட்டு நாள்.

மத்தியானம் யாரோ வாசலில் ஒரு கூடை மாம்பழம் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பழம், வீடெல்லாம் மணம். யார் வைத்தது என்று முனியப்பா விசாரித்து வந்தான். இவர் அவனையே கூடையைச் சுமக்க வைத்து நாலு மைல் போய்த் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். ஒரு பழம் குறையாமல் எண்ணிக் கொடுத்தாயா என்று திரும்பி வந்ததும் கேட்டார். வேறொருவராக இருந்தால் வீட்டில் நகையும் பட்டும் குவிந்திருக்கும். அதெல்லாம் எனக்குத் தெரியும். பெருமையாகக்கூட இருக்கிறது.

இவர் நல்லவர். இவரோடு இருக்க என்னால் முடியவில்லை. இரண்டும் நிஜம்.

இன்று ஒரு பெரிய பிடிப்பு. டியூபில் வந்த சரக்கை நாலு பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவந்து பலகையில் வைத்தார். இன்னும் அரக்கு முத்திரை வைக்கவில்லை.

14-6, வியாழன்

கிடைத்துவிட்டது!!

காலை எட்டரை. எல்லம்மா பானையை இறக்கும்போதே சொன்னாள், "இன்னிக்கு ஒண்ணு வயித்தத் தள்ளிக்கினு இருக்குதுங்க." பார்த்தேன். வயிறு மஞ்சளாக உப்பி, தோலுக்கு உள்ளே மணி மணியாகத் தெரிகிறது. ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவு. செதில் 26. இடதுபக்கத் துடுப்பு நுனி கிழிந்திருக்கிறது, பாறையில் உரசியிருக்கும். படம் எதிர்ப்பக்கத்தில்.

கிண்ணியில் விட்டுப் படம் வரைந்துகொண்டிருந்தேன். பதினொன்றரைக்குச் செத்துப்போனது. இவருடைய சவர பிளேடால் வயிற்றில் கால் அங்குலம் கீறினேன். முட்டை. கசகசாவைவிடச் சின்னது, எண்ண முடியாத அளவு. முற்றியது. குஞ்சு அல்ல. இது குஞ்சு அல்ல. தாய் மீன்.

எட்டு மாதத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தேன் போலிருக்கிறது, முனியப்பா வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

அப்புறம் பயம். கீறின மீன், சாயங்காலத்துக்குள் நாறிவிடும். இன்னொன்று எப்போது கிடைக்குமோ. இடுப்பில் சாவி.

செய்ததை எழுதிவிடுகிறேன். சின்ன அறையைத் திறந்தேன். அரக்கு வைக்காத நாலில் ஓரத்தில் இருந்த பச்சை பாட்டிலை எடுத்தேன். என் மை பாட்டிலைக் கழுவி அதில் ஒரு அவுன்ஸ் ஊற்றிக்கொள்வதுதான் யோசனை. கழுவக் கழுவ மை போகவில்லை. மீன் மேல் ஈ. சரி, மை பாட்டில் காய்கிறவரைக்கும் என்று மீனையே பச்சை பாட்டிலுக்குள் விட்டேன், வழுக்கிக்கொண்டு இறங்கிவிட்டது. தக்கையை வைத்தேன். கழுத்தில் கறுப்பு நூல் ஒரு சுற்று, அடையாளத்துக்கு. பலகையில் கடைசியில், மற்றதற்குப் பின்னால் வைத்தேன். பச்சைக் கண்ணாடி, உள்ளே இருப்பது தெரியவில்லை.

அப்போதே ஜீப் சத்தம். இவர் சீக்கிரமே சாப்பிட வந்துவிட்டார், போகவேயில்லை. கணக்கு எழுத, சட்டை கழற்ற, உட்கார, அப்படியே பொழுது போய்விட்டது. அறையில் ஏதோ வாசனை என்றார். பாட்டில் வாசனை என்றேன். பொய் இல்லை.

நாளைக்கு மை பாட்டிலுக்கு மாற்றி, கட்டி, எல்லம்மாவிடம் கொடுத்துத் தபாலில் சேர்க்க வேண்டும். திங்கட்கிழமை மெட்ராஸில் இருக்கும்.

15-6, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை, எண்ணெய்க் குளியல். சாவியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் குளியலறையில் தலை முழுக்க எண்ணெயோடு இருந்தேன். கதவுக்கு வெளியே இவர் குரல்.

"சாவி எங்கம்மா?"

"ஆணியில" என்றேன். யோசிக்கவேயில்லை. தினம் எத்தனை தடவை கேட்கிறார்.

சீயக்காய் தேய்த்துக் குளித்து, ஈரத்தலையோடு அரிசி அளக்கப் போனால் பலகையில் நாலு பாட்டில் இல்லை. அரக்கு உருக்கின வாசனை. வாசலுக்கு ஓடினேன். ஜீப் தார் ரோட்டில் ஏறிவிட்டது. கேஸ் இன்றைக்கே எடுக்கிறார்களாம், முனியப்பா சொன்னான். என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

நாலு மணிக்கு வந்தார். தொப்பியைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். தானாகவே சொன்னார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

குற்றவாளியின் வக்கீல், சரக்கை ஊற்றிக் காட்டச் சொன்னாராம். கிளார்க் மூன்று பாட்டில் ஊற்றினார், ஒன்றும் இல்லை. நாலாவது கழுத்தில் ஏதோ அடைத்தது. உதறினார். மேஜைமேல் டம்ளரில் மீன் விழுந்தது, தலைகீழாக. கோர்ட்டு முழுக்கச் சிரிப்பு. மாஜிஸ்திரேட்டும் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார்.

வக்கீல் சொன்னாராம்: வாசனைக்குக் கொஞ்சம் மிச்சம் வைத்து, குடித்ததற்குப் பதில் ஆற்றில் மொண்டு ரொப்பியிருக்கிறார்கள், அவசரத்தில் மீன்குஞ்சையும் சேர்த்து மொண்டுவிட்டார்கள், இப்படிப்பட்ட போலீஸ் போடும் கேஸ் எப்படி இருக்கும் என்று கோர்ட்டார் பார்த்துக்கொள்ளட்டும்.

கேஸ் தள்ளுபடி. பாட்டிலும் மீனும் கோர்ட்டு அலமாரியில். மேலிடத்திலிருந்து விசாரணை வரும்.

"பதினொரு வருஷம்" என்றார். "பதினொரு வருஷத்துல ஒருத்தன் என்னைப் பாத்து விரல நீட்டினது இல்ல."

வாயைத் திறந்தேன். அதற்குள் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். முனியப்பாவை அவர் கேட்ட கேள்விகளை இங்கே எழுதமாட்டேன். முனியப்பா ஒரே ஒரு வார்த்தைதான் திரும்பத் திரும்பச் சொன்னான்: "நான் குடிக்கலீங்க ஐயா."

உள்ளே வந்து என்னிடம், "வீட்ல இருந்தவன் அவன் ஒருத்தந்தானே" என்றார்.

நானும்தான் வீட்டில் இருந்தேன். எட்டு மாதமாக வீட்டில்தான் இருக்கிறேன். அவருக்கு அது தோன்றவேயில்லை. அதுதான் எனக்குச் சௌகரியமாகவும் இருந்தது. பேசாமல் காபி போட்டுக் கொடுத்தேன். வெட்கக்கேடு.

16-6, சனி

சாரல்.

முனியப்பாவை வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை ஓசூரில் விசாரணை. பெல்ட்டைக் கொடுத்துவிட்டு, வராந்தாவில் விட்டுப்போன குடையை எடுக்க வந்தான். இவர் இல்லை. ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றான்.

"அம்மா, நீங்க போட்டத நான் பாத்தேன். நூல் சுத்துனதும் பாத்தேன்."

"அப்போ ஏன் சொல்லல?"

"பேடம்மா, வேணாம். சொன்னா ஐயா உங்கள அம்மா வூட்டுக்கு அனுப்பிடுவாரு. எனக்கு அரை ஏக்கரா ராகி நெலம் இருக்குது. பொழச்சிக்குவேன்."

"இருபது வருஷ சர்வீஸ் முனியப்பா."

"இருபத்திரெண்டுங்க."

குடையை விரிக்காமல் சாரலில் நடந்து போனான். அவன் குடிக்கமாட்டான், வாயில் வெற்றிலை மட்டும்தான். ஊரில் இனி யார் நம்புவார்கள்? குடித்த கான்ஸ்டபிள்கள் போன வருஷம் தப்பித்துக்கொண்டார்கள், குடிக்காதவன் மாட்டிக்கொண்டான்.

ஒரு மணி நேரம் கழித்து எல்லம்மா. பானையில் இன்னொரு சினை மீன். உயிரோடு, சுவரில் ஒட்டிக்கொண்டு. வயிறு மஞ்சள்.

வேண்டும்போது வராது, வேண்டாதபோது வந்து நிற்கும். இல்லை, வேண்டும். வேண்டும். அதுதான் பிரச்சினை.

பேசாமல் இருந்தால்: பலகையில் மற்ற பாட்டில்கள் இருக்கின்றன. சாவி இன்னும் என்னிடம். இந்த மீனை ஸ்பிரிட்டில் போட்டு அனுப்பலாம். 30-ந் தேதிக்கு நிறைய நாள். ஓர் இடம், விடுதி, ஆறு. இவர் பெயர்கூட அவ்வளவு கெடாது, கான்ஸ்டபிள் தப்பு.

பேசினால்: சாராய பாட்டிலைத் திறந்தவள் நான். எந்தக் கல்லூரி அப்படிப்பட்டவளைச் சேர்க்கும்? சரக்கை வீட்டில் வைத்தது இவர் தப்பு. இவர் பதினொரு வருஷம் போகும். முனியப்பாவுக்குப் பெல்ட் திரும்ப வரும்.

அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று பயந்தானே முனியப்பா, அங்கேயும் ஒரு வராந்தாதான் இருக்கிறது.

17-6, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

காலையில் சவரம் செய்துகொண்டிருந்தார். பிளேடைப் பார்த்ததும் அடக்கிவைக்க முடியவில்லை.

"அந்த மீனை பாட்டில்ல போட்டது நான்."

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "முனியப்பா சம்சாரம் வந்து அழுதாளா?"

"யாரும் வரல. நான்தான் போட்டேன்."

"இந்தா பாரு வேணி, நீ பாவம் பாக்கிறது எனக்குப் புரியுது. பொய் சொல்லி ஒருத்தனைக் காப்பாத்தக் கூடாது."

நான் குற்றம் செய்திருப்பேன் என்று நம்பக்கூட மாட்டேன் என்கிறார்! கோபம் வந்தது. சொன்னேன்:

"இடது பக்கத் துடுப்பு நுனி கிழிஞ்சிருக்கும். வயித்துல கால் அங்குலம் கீறல், உங்க பிளேடால போட்டது. பாட்டில் கழுத்துல கறுப்பு நூல் ஒரு சுத்து, நீங்க வச்ச அரக்குக்கு அடியில இருக்கும். பக்கவாட்டுல செதில் இருபத்தாறு."

சோப்பு நுரை முகத்தில் காய்கிறவரைக்கும் அப்படியே நின்றார். கீறலைக் கோர்ட்டில் கிளார்க் பார்த்துச் சொன்னாராம். நூலை அரக்கு வைக்கும்போது இவரே பார்த்தாராம், தக்கைக் கயிறு என்று நினைத்தாராம்.

திட்டுவார் என்று நின்றேன். அடித்ததில்லை, ஆனால் இன்றைக்கு அடித்தாலும் ஆச்சரியமில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அது என்ன மீனு?"

எட்டு மாதத்தில் இதை இவர் கேட்டதில்லை.

"உளுவை வகை. பேர் இன்னும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான்."

"குஞ்சுன்னு வக்கீல் சொன்னாரே."

"வக்கீலுக்கு என்ன தெரியும்? வயித்துல முட்டை இருந்துது. நீங்க பாக்கணுமா?" பானையைக் கொண்டுவந்து காட்டினேன். குனிந்து பார்த்தார், லென்ஸை எடுத்துப் பார்த்தார். கைரேகை பார்ப்பதுபோல ரொம்ப நேரம். "ஆமா, மணி மணியா தெரியுது" என்றார். அந்த நிமிஷம் இவரைப் பிடித்திருந்தது, அதையும் எழுதிவைக்கிறேன்.

அப்புறம் போலீஸ்காரர் ஆகிவிட்டார்.

"நீ வாயால சொன்னா ஒத்துக்கமாட்டாங்க. என்னைக் காப்பாத்த சொல்றேம்பாங்க, இல்ல அவனை. பதினாலாந்தேதியே எங்கயாச்சும் எழுதி வச்சிருக்கியா? படம், தேதி, எதுனா?"

"வச்சிருக்கேன்."

"எங்க?"

இந்த நோட்டைச் சொன்னேன். நான் நாட்குறிப்பு எழுதுவது இவருக்குத் தெரியாது. அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன் என்றதும் அந்த அறையைத் திரும்பிப் பார்த்தார். எடுக்கப் போகவில்லை.

"முழு நோட்டையும் கேப்பாங்க. நடுவுல ஒரு தாள் கிழிஞ்சிருந்தாலும் ஜோடிச்சதும்பாங்க." நுரைக் கிண்ணியைக் கழுவி வைத்துவிட்டு, "நீயா கொடுத்தா கொடு. நான் கேக்கமாட்டேன்" என்றார்.

18-6, திங்கள்

வெயில் இல்லை, மழையும் இல்லை.

பர்மிட் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது, இவ்வளவு சீக்கிரம்! "மீன்கள் எத்தனை, எந்த வகை, சாதாரண உப்பு ஏன் போதாது என்று விளக்கவும்." இவர் படித்துக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம், அப்புறம் சிரித்ததற்கு வெட்கப்பட்டு ஆளுக்கு ஒரு பக்கம் போனோம்.

மிஸ்ஸுக்கு எழுதிவிட்டேன். நடந்தது நடந்தபடி. மீன் ஓசூர்க் கோர்ட்டு அலமாரியில் இருக்கிறது, சாராயத்தில்தான், கெடாமல் இருக்கும், கேட்டால் கொடுப்பார்களா தெரியாது. என் பெயரைச் சொல்ல வேண்டாம், மீனுக்கு மட்டும் ஒரு பெயர் வைத்துவிடுங்கள் என்று முடித்தேன். எழுதிவிட்டு அழுதேன். அந்த இடம் இனி எனக்கு இல்லை.

இன்னொரு மீனை எல்லம்மாவிடம் கொடுத்து எடுத்த இடத்திலேயே விடச்சொன்னேன். அறையில் அத்தனை பாட்டில் இருக்கும்போது அதை வீட்டில் வைத்திருக்கப் பயமாக இருந்தது. என்மேல்தான் பயம்.

"இத்தினி நாள் தேடிட்டு வுடறீங்களேம்மா?"

"விட்டுடு எல்லம்மா."

இவர் மேஜையில் என் வாக்குமூலத்துக்கு நகல் எழுதினார். பெயர், வயது, இன்னார் மனைவி. தொழில் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்து 'வீட்டோடு' என்று எழுதினார். கீழே: 'மேற்படி பாட்டிலில் மீன்குஞ்சு ஒன்றைப் போட்டது நானே.'

பேனாவை வாங்கி 'குஞ்சு' என்பதை அடித்தேன். 'மீன், பெண், முழு வளர்ச்சி, ஒன்று' என்று எழுதினேன். பார்த்துக்கொண்டிருந்தார். 'வீட்டோடு' என்பதை அடிக்கத் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது.

நாளை எட்டு மணிக்கு ஜீப். வழியில் ஆற்றுப் பாலம், இதுவரை ஜீப்பில் படுதாவுக்குள் உட்கார்ந்தே தாண்டியது. எட்டு மாதம் கழித்து ஆற்றைப் பார்க்கப் போவது இப்படியா.

மத்தியானம் நோட்டை முதலிலிருந்து படித்தேன். அவர்களுக்கு வேண்டியது 14-ந் தேதிப் பக்கம் மட்டும். ஆனால் முதலில் இவர் படிப்பார். மாம்பழம் வந்த அன்றைக்கு இவரைப் பற்றி எழுதின வரியையும் படிப்பார். தாளைக் கிழிக்க முடியாது. அந்த வரியை மட்டும் மை கொட்டி அழித்துவிடலாம் என்றால், மை பாட்டிலைத்தான் கழுவி வைத்திருக்கிறேனே, பேனாவில் இருக்கிற மைதான் மிச்சம்.

இவர் வராந்தாவில் முனியப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நோட்டு எங்கே இருக்கிறது என்று இவருக்குத் தெரியும். நேற்றிலிருந்து அந்த அறைப் பக்கமே போகவில்லை. சாவியையும் கேட்கவில்லை.

அந்த வரியை அழிக்கவில்லை. இப்போதே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன்.